ஒரே பானை, இரண்டு கிண்ணம்

எங்கள் ஆய்வுக்கூடத்து அலமாரியில் இருந்த பாட்டில்களுக்கெல்லாம் காகிதத்தில் பெயர் எழுதி ஒட்டியிருந்தது. நான் ஆரம்பப் பள்ளியோடு நின்றவன். எழுத்துக் கூட்டிப் படிப்பேன். ஆனால் அந்தப் பெயர்கள் சரக்கு ரயில் மாதிரி நீளமானவை. கடைசிப் பெட்டிக்கு வருவதற்குள் முதல் பெட்டி மறந்துபோகும். இன்னதை எடுத்து வா என்று யாராவது சொன்னால் அலமாரி முன்னால் போய் நிற்பேன். கொஞ்சம் அதிகமாகவே நிற்பேன். இபிதுன் மேடம் அதை எப்போது கவனித்தார் என்று தெரியாது. ஒரு திங்கட்கிழமை காலையில் பெருக்குவதற்காகக் கதவைத் திறந்தபோது ஒவ்வொரு பாட்டிலின் கழுத்திலும் ஒரு துண்டுத் துணி கட்டியிருந்தது. நீலம், மஞ்சள், பூப்போட்டது, கோடு போட்டது.

"என் கண்ணு முன்ன மாதிரி இல்ல பாபா. தூரத்துல இருந்தே தெரியட்டும்னு கட்டி வச்சேன். இனிமே நிறத்தைச் சொல்லியே கேக்கறேன், நீங்களும் அப்படியே எடுத்துக் குடுங்க" என்றார்.

அவர் கண்ணுக்கு ஒரு குறையும் இல்லை. கல்லூரித் தோட்டத்தில் ஆடு புகுந்தால், ஜன்னலில் நின்றபடியே அது யார் வீட்டு ஆடு என்று சொல்லிவிடுகிற கண் அது. நானும் அதைச் சொல்லவில்லை, அவரும் அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அல்லாஹ் அவருக்கு நல்லதைக் கொடுக்கட்டும்.

துணிக்கு அவரிடம் பஞ்சமில்லை. அம்மா ஒஃபா ரயிலடியில் தையல் கடை வைத்திருந்தவர். அப்பா அதே ரயிலடியில் சிக்னல் பார்த்தவர். ரயில் வராமல் நின்றுபோன வருஷங்களில்கூட அவர் தினமும் சீருடை போட்டுக்கொண்டு கம்பத்தடிக்குப் போய் உட்கார்ந்துவிட்டு வருவாராம். எதற்காகப் போனார் என்று கேட்டேன். "அதான் எங்க வீட்டுலயும் யாருக்கும் புரியல" என்று கையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். அப்படித்தான் அவர் சிரிப்பார், முன்பல் ஒன்று கோணல் என்பதால்.

எங்கள் பாலிடெக்னிக்கில் பெரிய பட்டம் வாங்கியவர்கள் பாடம் நடத்துவார்கள். டிப்ளமா வாங்கியவர்கள் அவர்களுக்குச் சாமான் எடுத்து வைப்பார்கள். மேடம் இரண்டாவது வகை. அவரும் ஆராய்ச்சி செய்யலாம், அதற்குத் தடையில்லை. கட்டுரை வரும்போது அவர் பெயர் கடைசியில் வரும், அவ்வளவுதான். ஆனால் நடையின் கோடியில் ஒரு அறை யாருக்கும் வேண்டாமல் கிடந்தது. கூரை ஒழுகும், பின்பக்கம் மாட்டு வாடை வரும். துறைத் தலைவர் டாக்டர் அடிக்குன் அதை மேடத்துக்குக் கொடுத்தார். அதில் என்ன செய்தாலும் அது உன் பெயரில் என்று சொன்னார். அந்த அறையை மேடம் கழுவி, கூரைக்குத் தார் பூசி, தராசுக்குத் தன் கல்யாணக் கைக்குட்டையைப் போர்த்தி வைத்தார். எடுபிடிக்கு என்னை அனுப்பினார்கள். என் மூத்தவன் பெயர் ராஃபியு, அதனால் எல்லாருக்கும் நான் பாபா ராஃபியு. மேடத்துக்கு வெறும் பாபா.

அவர் தேவாலயத்துக்குப் போகிறவர். குடுவை கழுவும்போது பாட்டுப் பாடுவார், சுருதியே சேராது. நான் தொழுகைக்குக் கிளம்பினால் மட்டும் பாட்டை நிறுத்திவிடுவார். ஒரு வறண்ட காற்றுக் காலத்தில் கல்லூரியில் தண்ணீர் அடியோடு வற்றிப்போனது. தொழுகைக்கு முன்னால் கைகால் கழுவி ஒளூ செய்யத் தண்ணீர் இல்லாமல் நின்றேன். மேடம் காய்ச்சி வடித்த தண்ணீரை ஒரு கேனில் கொண்டுவந்து கொடுத்தார். "ஊர்ல இருக்கற எல்லாத் தண்ணியையும்விட இதுதான் பாபா சுத்தம்" என்றார். எனக்கு அப்போது பெரிய சந்தேகம் வந்துவிட்டது. உப்புமில்லை, மண்ணுமில்லை, அல்லாஹ் மழையாகக் கொடுத்ததும் இல்லை, கண்ணாடிக் குழாயில் பிறந்த தண்ணீர். இதில் செய்த ஒளூ சேருமா? இமாமைப் போய்க் கேட்டேன். தண்ணீர் தண்ணீர்தான், போய்த் தொழு என்றார். தொழுதேன். அந்த அறையில் இருந்த காலம் முழுக்க எனக்கு இப்படித்தான், எது சரி என்று யாரையாவது கேட்டுக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது.

மேடம் எடுத்துக்கொண்ட வேலை வாரா. கல்லூரிக்குப் பின்னால் ஃபுலானி மாட்டுக்காரர்கள் குடியிருப்பு. அந்தப் பெண்கள் பாலை இளந்தீயில் வைத்து, எருக்கம் இலையைக் கசக்கிச் சாறு விட்டுத் திரிய வைத்து, கூடையில் வடித்து வெள்ளைக் கட்டியாகத் தலையில் சுமந்துகொண்டு வருவார்கள். அதுதான் வாரா. அப்படியே தின்னலாம், மிளகாய் போட்டுப் பொரித்தும் தின்னலாம். காலையில் எடுத்தது சாயங்காலம் புளித்துவிடும். மிஞ்சினால் நாய்க்கு. கரண்ட் எப்போது வரும் என்று தெரியாத ஊரில் ஃப்ரிட்ஜை நம்ப முடியுமா? இலையும் கைக்குக் கை மாறும். ஒருத்தி கை அதிகமானால் கசக்கும், ஒருத்தி கை குறைந்தால் கட்டியே ஆகாது.

மேடம் எருக்கம் இலையை நிழலில் உலர்த்தி, பொடித்து, இன்னும் என்னவோ இரண்டு மூன்று கலந்து, கரண்டியால் அளந்து போடுகிற பொடியாக ஆக்கப் பார்த்தார். அந்தப் பொடி போட்டால் வாரா தன் தண்ணீரிலேயே நாள் கணக்கில் கெடாமல் கிடக்க வேண்டும். இலை பறிப்பது என் வேலை. பள்ளிவாசல் வேலியோரம் பறிப்பேன். ஆடுகூடத் தின்னாத இலையை மூட்டை மூட்டையாகச் சுமக்கிறேனே என்று ஊரில் கேலி. பாபா ராஃபியு புது மதரஸா கட்டுகிறார், ஓலைக்குப் பதிலாக எருக்கு வேய்கிறார் என்றார்கள்.

முதலில் வந்த வாராவைப் பூனை முகர்ந்து பார்த்துவிட்டுப் போனது. அப்புறம் வந்ததை மாணவர்கள் தரையில் அடித்தார்கள். பந்து மாதிரி எழும்பியது. மேடம் அதைப் பார்த்துச் சிரிக்கவில்லை, பந்தைக் கேட்டு வாங்கித் தராசில் வைத்தார். ஒரு மழைக்காலம் போய் இன்னொரு மழைக்காலம் வந்தது. ஒருநாள் கெடாத வாரா வந்தது. மூடி வைத்து மறுநாள் பார்த்தோம், அதற்கு மறுநாள் பார்த்தோம், புளிப்பு வாடையே இல்லை. நான் சுப்ஹானல்லாஹ் என்றேன், மேடம் அல்லேலூயா என்றார்.

ருசி எப்படி என்றுதான் தெரியவில்லை. இத்தனை மாதம் நல்லதும் கெட்டதுமாகத் தின்று தின்று எங்கள் இரண்டு பேருக்கும் எது வாரா, எது சுண்ணாம்பு என்றே தெரியாமல் போயிருந்தது.

"நம்ம நாக்கு செத்துப்போச்சு பாபா. வேற நாக்கு வேணும். தினம் இதையே செய்யற நாக்கா இருக்கணும்" என்றார் மேடம்.

அந்தச் சமயத்தில்தான் தலைநகர் அபுஜாவிலிருந்து, ஆராய்ச்சிக்குப் பணம் கொடுக்கிற நிதிக்குழு வருகிறது என்ற செய்தி வந்தது. அவர்கள் முன்னால் வாரா செய்கிற பெண்களே ருசி பார்த்து, பொடி போட்டது நன்றாக இருக்கிறது என்று ஆகிவிட்டால் மேடத்துக்கு அறை நிலைக்கும். வேலையும் அவர் பெயரிலேயே நடக்கும். இல்லையென்றால் மாதக் கடைசியில் அந்த அறைக்குக் கம்ப்யூட்டர்கள் வந்துவிடும். கூரை ஒழுகாததால் இப்போது எல்லாருக்கும் அந்த அறை மேல் கண்.

மேடமும் நானும் குடியிருப்புக்குப் போய்ப் பெண்களை அழைத்தோம். அங்கே ஹவ்வா அத்தை என்று ஒருவர். வயதில் மூத்தவர், சடையில் பழைய வெள்ளிக் காசுகள் கோத்திருப்பார், அதிகம் பேச மாட்டார். அந்தக் குடியிருப்பில் எல்லாருக்குமே அவர் அத்தைதான். அவர் வாயில் வைக்காமல் யாரும் எதையும் தின்ன மாட்டார்கள். அவர் சரி என்றார், எல்லாரும் வந்தார்கள்.

முதலில் ஒரு ஒத்திகை நடந்தது. எழுதத் தெரியாதவர்கள் என்பதால் மேடம் ஆளுக்கு ஒரு சோளமணி கொடுத்தார். மேசையில் கிண்ணங்களில் வாரா. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு கோப்பை. பிடித்த வாராவுக்குப் பக்கத்துக் கோப்பையில் மணியைப் போட வேண்டும். அத்தை முதலில் தின்றார். அவர் முகம் பானை மூடி மாதிரி இருந்தது, ஒன்றும் தெரியவில்லை. மணியைப் போட்டார். பிறகு ஒவ்வொருத்தியும் தின்றுவிட்டு அத்தையைப் பார்த்தாள், அத்தை மணி போட்ட கோப்பையிலேயே தன் மணியையும் போட்டாள்.

மேடம் தலையில் கை வைத்துக்கொண்டார். அத்தை நாக்கு ஒன்றைத்தான் கேட்டிருக்கிறேன் போல என்றார். மறுநாளே அம்மாவிடம் சொல்லித் தரைவரைக்கும் தொங்குகிற ஒரு திரை தைத்து வாங்கிவந்தார். ஒருத்தி உள்ளே போக வேண்டும், தின்று மணி போட்டுவிட்டு வேறு கதவு வழியாக வெளியே போக வேண்டும். யாரும் யார் முகத்தையும் பார்க்க முடியாது. திரையைக் கட்டி முடித்துவிட்டு இரண்டடி பின்னால் தள்ளி நின்று அழகு பார்த்தார்.

நிதிக்குழு வந்த அன்று காலை மேடம் என்னைக் கூப்பிட்டு மூன்று கிண்ணம் வைக்கச் சொன்னார். வெள்ளைத் துணி கட்டிய கிண்ணத்தில் பெண்கள் வழக்கமாகச் செய்கிற வாரா. குடியிருப்பில் ஜுமாரே என்ற பெண் அன்று விடியலில் செய்து அனுப்பியது. சிவப்புத் துணி, பச்சைத் துணி இரண்டிலும் எங்கள் பொடி போட்டது. இரண்டும் ஒன்றேவா என்று கேட்டேன்.

"ஒரே பானையில இருந்து ரெண்டுலயும் ஊத்துங்க பாபா. ஒரே பொருளை ரெண்டு தடவை வச்சா ரெண்டுக்கும் ஏறக்குறைய ஒரே மாதிரி மணி விழணும். அப்படி விழலைன்னா, பேசுறது நாக்கு இல்ல, வேற ஏதோன்னு தெரிஞ்சுடும்."

எனக்குப் புரியவில்லை. ஒரே பெண்ணை இரண்டு பெயரில் பெண் பார்க்கக் காட்டுவது மாதிரி இருந்தது. இருந்தாலும் பிஸ்மில்லாஹ் சொல்லி ஊற்றினேன். பக்கத்தில் முந்தின நாள் கெட்டுப்போன ஒரு பானை இருந்தது. குழப்பம் வேண்டாம் என்று அதை முதலிலேயே கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டேன். அன்று விடியற்காலை ஃபஜ்ர் தொழுகையில் மேடத்துக்காக ரொம்ப நேரம் துஆ கேட்டிருந்தேன். இந்தச் சோதனை ஜெயிக்க வேண்டும், அவ்வளவுதான் கேட்டேன்.

குழுவில் கோட்டுப் போட்டவர்கள் நாலைந்து பேர். தலைவர் மெதுவாகப் பேசுகிற மனிதர். எல்லாரும் நாற்காலியில் உட்கார, பெண்கள் ஒவ்வொருவராகத் திரைக்குள் போனார்கள். அத்தைதான் முதலில். அதை யாரும் சொல்லவே தேவையில்லை. கடைசிப் பெண்ணும் வெளியே போன பிறகு டாக்டர் அடிக்குன் திரையை விலக்கினார்.

வெள்ளைக் கோப்பை காலி. சிவப்புக் கோப்பை காலி. பச்சைக் கோப்பையில் அத்தனை மணியும் இருந்தது.

பச்சை எது என்று தலைவர் கேட்டார். எங்கள் பொடி என்றார் டாக்டர். எல்லாரும் கை தட்டினார்கள். நான் மனசுக்குள் அல்ஹம்துலில்லாஹ் சொல்லிக்கொண்டே சிவப்புக் கோப்பையைப் பார்த்தேன், அது ஏன் காலியாக இருக்கிறது என்று. நான்தானே ஊற்றினேன். ஒரே கரண்டி.

டாக்டர் அடிக்குன் தலைவரிடம் கையெழுத்துக்குப் பேனா நீட்டினார். அப்போது மேடம் எழுந்தார்.

"சார், ஒரு நிமிஷம். சிவப்பும் எங்க பொடிதான். பச்சையும் சிவப்பும் ஒரே பானை."

தலைவர் பேனாவை மூடினார். அப்படியானால் சிவப்பில் ஏன் ஒன்றுகூட இல்லை என்று கேட்டார். மேடம் தெரியவில்லை என்றார். தெரியாத வரைக்கும் இந்தக் கணக்கை நல்ல கணக்கு என்று சொல்ல முடியாது என்றும் அவரே சொன்னார். டாக்டர் அடிக்குன் முகம் போன போக்கு எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. கெட்ட மனிதர் இல்லை அவர். மேடத்தைக் காப்பாற்றத்தான் பார்த்தார். என் பக்கம் திரும்பினார்.

"பாபா, ஊத்தினது நீங்கதானே? நேத்து கெட்டுப்போன பானை ஒண்ணு பக்கத்துலயே இருந்துச்சே. சிவப்புல அதை ஊத்தியிருப்பீங்க. தப்பு யாருக்கும் வரும், ஒண்ணும் கோச்சுக்க மாட்டோம்."

அறையில் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். சிவப்பில் இருந்தது கெட்ட வாரா என்று ஆனால் அதன் கோப்பை காலியாக இருந்ததில் ஆச்சரியமில்லை, பச்சை ஜெயித்ததாகிவிடும். எனக்கு இவ்வளவும் அந்த நிமிஷத்திலேயே விளங்கியது என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஆமாம் என்று தலையாட்டினால் அறை மேடத்துக்கு, இல்லை என்றால் கம்ப்யூட்டருக்கு என்பது மட்டும் விளங்கியது. மேடத்தைப் பார்த்தேன். அவரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வை என்ன சொல்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. ஆமாம் என்று சொல்லுங்கள் என்கிறதா, சொல்லாதீர்கள் என்கிறதா? பாட்டில் கழுத்தில் கட்டியது மாதிரி அவர் முகத்திலும் ஒரு துணி கட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

"ஒரே பானைதான் சார். கெட்டதை நான் முன்னாடியே கழுவிக் கவுத்துட்டேன்" என்றேன்.

மேடம் ஒரு வாரம் தவணை கேட்டார். தலைவர் வருத்தத்தோடுதான் சொன்னார், இந்த வருஷத்துக்கு இதுதான் கடைசிப் பயணம் என்று. சோறும் கோழியும் சாப்பிட்டார்கள். மேடத்தின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு வண்டியில் ஏறிப் போய்விட்டார்கள்.

அவர்கள் போனதும் மேடம் திரைக்குள் போய், பெண்கள் நின்ற இடத்தில் நின்றார். ரொம்ப நேரம் கழித்து என்னைக் கூப்பிட்டார்.

"இங்க நில்லுங்க பாபா. கீழ பாருங்க. என்ன தெரியுது?"

"கோப்பை தெரியுது. மணி தெரியுது."

"முதல்ல அத்தை போனாங்க. அடுத்தவ உள்ள வந்து குனிஞ்சப்ப எதைப் பாத்திருப்பா?"

பச்சைக் கோப்பையில் கிடந்த ஒற்றை மணியைப் பார்த்திருப்பாள். அது யாருடைய மணி என்று அந்தக் குடியிருப்பில் யாருக்குத்தான் தெரியாது?

"முகத்தை மறைச்சேன். மணியை மறைக்கல" என்றார் மேடம். கோப்பைக்கு ஒரு மூடி போட்டுத் துளை வைத்திருந்தால் போதுமாம். முக்காலியில் உட்கார்ந்து கையால் வாயை மூடிச் சிரித்தார். அப்புறம் பார்த்தால் அது சிரிப்பு இல்லை. நான் வெளியே வந்து நடையைப் பெருக்க ஆரம்பித்தேன். காலையில்தான் பெருக்கியிருந்தேன்.

என் துஆவைப் பற்றி அன்று முழுக்க யோசித்தேன். சோதனை ஜெயிக்க வேண்டும் என்று கேட்டேன். ஜெயித்தது, எல்லா மணியும் விழுந்தது. ஜெயித்ததை மேடமே எழுந்து உடைத்தார். கேட்டது கிடைத்ததா, கிடைக்கவில்லையா? இதை இமாமிடம் கேட்கப் போனேன். ஆனால் எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், அவர் முழங்காலுக்குச் சுகம் விசாரித்துவிட்டு வந்துவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து மேடம் என்னையும் கூட்டிக்கொண்டு குடியிருப்புக்குப் போனார். எங்களுக்குப் பாயை விரித்து, கம்பு உருண்டை கரைத்த மோர் கொடுத்தார்கள். மேடம் சுற்றி வளைக்கவில்லை.

"அத்தை, உண்மையைச் சொல்லுங்க. மூணுல எது பிடிச்சுது?"

"நீ கூப்பிட்டு வச்சு போட்ட சாப்பாடு. அதுல எதைம்மா குறை சொல்றது?"

"குறை சொன்னாத்தான் எனக்கு வேணும்."

அத்தை என் பக்கம் திரும்பினார். "இந்தப் பொண்ணுக்கு அம்மா இருக்காளா?" இருக்கிறார் என்றேன். "அவ ஆக்கிப் போட்டதையும் தின்னுட்டு, குறை சொல்லட்டுமா, குறை சொல்லட்டுமான்னுதான் கேப்பாளா?"

பெண்கள் சிரித்தார்கள். மேடமும் சிரித்தார், ஆனால் விடவில்லை. பச்சையும் சிவப்பும் ஒன்றுதான் என்றார்.

"தெரியுமே" என்றார் அத்தை. "வெள்ளை இருக்கே, அது ஜுமாரே கை. மத்த ரெண்டும் உன்னோடது. வாயில வச்சதும் தெரிஞ்சுது."

"தெரிஞ்சுதுன்னா ஏன் பச்சையில போட்டீங்க?"

"பச்சை நல்ல நிறம்."

மேடம் கையிலிருந்த மோரைக் கீழே வைத்தார். "அப்ப எனக்காகப் போட்டீங்களா, ருசிக்காகப் போட்டீங்களா?"

ஹவ்வா அத்தை அவரைப் பார்த்தார். கேலி இல்லை, மழுப்பலும் இல்லை. அந்தக் கேள்வியே விளங்காதவர் மாதிரி நிஜமாகவே குழம்பிப்போய்ப் பார்த்தார். பக்கத்தில் இருந்தவளிடம் தங்கள் பாஷையில் என்னவோ கேட்டார். அவளும் உதட்டைப் பிதுக்கினாள். பிறகு அத்தை சொன்னார்:

"அது எப்படிம்மா ரெண்டும் வேற வேறயா இருக்கும்?"

மேடம் ஜுமாரேயிடம் திரும்பி, நீயாவது சொல், உனக்கு எது பிடித்தது என்றார். ஜுமாரே கறந்துகொண்டிருந்த மாட்டின் வயிற்றுக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டினாள். "அத்தை போட்ட இடத்துல போடாம வேற இடத்துல போட எனக்கென்ன பைத்தியமா மேடம்? நீங்க சாயங்காலம் உங்க வீட்டுக்குப் போயிருவீங்க. நான் இங்கதானே படுக்கணும்."

திரும்பி வரும் வழியில் மேடம் முன்னால் நடந்தார். வேலியோரம் எருக்கு பூத்திருந்தது. பழக்கத்தில் என் கை இலைக்குப் போய்விட்டது. இனிமேல் எதற்கு என்று நானே இழுத்துக்கொண்டேன்.

மாதக் கடைசியில் கம்ப்யூட்டர்கள் வந்தன. மேடம் பாட்டில்களை அட்டைப் பெட்டியில் அடுக்கினார், தராசின் மேல் இருந்த கைக்குட்டையை மட்டும் மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். டாக்டர் அடிக்குன் வாசலில் வந்து நின்று, மத்த ஆளா இருந்தா அன்னைக்கு வாயை மூடிட்டு இருந்திருப்பாங்க என்றார். அது பாராட்டா திட்டா என்று அவருக்கே தெரியவில்லை போலிருக்கிறது. ஒரு பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு நடந்தார்.

மேடம் யோலா பக்கம் ஒரு கல்லூரியில் வேலை தேடிக்கொண்டார். அங்கே பால் நிறைய, மாடு நிறைய, ஆராய்ச்சிக்கு ஒரு கொட்டகை தருகிறேன் என்றார்களாம். அவர் கிளம்புவதற்கு முந்தின வாரம் நான் வேறு வேலையாகக் குடியிருப்புப் பக்கம் போனேன். ஜுமாரேயின் குடிசைத் தாழ்வாரத்தில், வெயில் படாமல், ஒரு முறம் நிறைய எருக்கம் இலை உலர்ந்துகொண்டிருந்தது. மேடம் செய்கிற மாதிரியே காம்பு நீக்கி, ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்பியிருந்தது. எதற்கு என்று கேட்டேன். முழங்கால் வலிக்கு என்றாள். யாருடைய முழங்கால் என்று கேட்பதற்குள் கன்றைப் பிடிக்க ஓடிவிட்டாள். எருக்கை முழங்காலுக்குக் கட்டுகிற வழக்கமும் உண்டுதான். ஆனால் அதற்குப் பச்சை இலையைத்தான் வாட்டிக் கட்டுவார்கள். இதை மேடத்திடம் சொல்வதா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். பிறகு சொன்னேன். அவர் முகம் ஒருமுறை மலர்ந்து, பிறகு என்னவோ யோசனையில் சுருங்கியது. முழங்கால் வலியாகவும் இருக்கலாம் என்றார்.

அவரை வழியனுப்பப் பஸ் நிலையத்துக்குப் போனேன். வழியில் தின்ன ஹவ்வா அத்தை பொரித்த வாரா கொடுத்து அனுப்பியிருந்தார், வாழை இலையில் கட்டி, மிளகாய் தூக்கலாக. மேடம் ஜன்னலோரம் உட்கார்ந்து மடியில் அதை வைத்துக்கொண்டார். பஸ் கிளம்ப நிறைய நேரமானது. கூரை மேல் ஆட்டையும் மெத்தையையும் ஏற்றினார்கள், ஒரு போதகர் ஏறிப் பயணத்துக்காக ஜெபம் செய்தார், மருந்து விற்கிறவன் ஏறி அதைவிட நீளமாகப் பேசினான். பஸ் புறப்படப் போகிறது என்று தெரிந்ததும் எனக்கு மனசு பொறுக்கவில்லை. இத்தனை நாள் கேட்காமல் வைத்திருந்ததைக் கேட்டேன். மேடம், அன்றைக்கு டாக்டர் கேட்டபோது, ஆமாம், மாற்றி ஊற்றிவிட்டேன் என்று நான் சொல்லியிருந்தால் அது உங்களுக்கு நல்லதாக இருந்திருக்குமா, கெட்டதாக இருந்திருக்குமா? நீங்கள் என்னைப் பார்த்தீர்களே, என்ன சொல்லச் சொல்லிப் பார்த்தீர்கள்?

பஸ் உறும ஆரம்பித்தது, ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு முகத்தை வெளியே நீட்டினார்.

"நீங்க வாயைத் திறக்கறதுக்கு முன்னாடி, எங்க ஆமாம்னு சொல்லிடுவீங்களோன்னு பயமா இருந்துச்சு பாபா. ஒரே பானைன்னு நீங்க சொன்ன உடனே, ஐயோ, ஆமாம்னு சொல்லியிருக்கக் கூடாதான்னு இருந்துச்சு. எது நிஜம்னு கேட்டா எனக்கே தெரியல. ரெண்டும் நான்தான். போங்க, உங்களுக்கு அஸர் தொழுகைக்கு நேரமாச்சு."